கசங்கின தோலுக்கு முதலில் என்ன செய்வது? வன்னி வெயிலில் இருந்து ஒரு செய்முறை

பங்குனி மாதத்து மத்தியானம் ஒன்றில் விசுவமடுப் பக்கத்து அம்மா ஒருவர் பாமசிக்கு வந்து, இரண்டு கையையும் கண்ணாடி மேசையில் நீட்டி வைத்தார். "பிள்ளை, இதப் பார். கசக்கி எறிஞ்ச கடதாசி மாதிரிக் கிடக்கு. இதுக்கு ஒரு கிறீம் இருந்தாத் தா."

நான் கிளிநொச்சியில் மருந்து எடுத்துக் கொடுக்கிற ஆள், டொக்டர் இல்லை. ஆனால் இந்தக் கேள்வி கிழமைக்கு நாலு தரமாவது வரும். எல்லோருக்கும் நின்று விளக்கப் போனால், காய்ச்சல் பிள்ளையோடு பின்னால் நிற்கிறவர் முறைப்பார். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

அந்த அம்மாவுக்கு நான் உடனே கிறீம் கொடுக்கவில்லை. கையைத் தூக்கச் சொன்னேன்.

படி 1: கையைத் தூக்கிப் பாருங்கள்

முன்கையின் வெளிப்பக்கத்தை முதலில் பாருங்கள். பிறகு கையைத் தூக்கி, அக்குளுக்குக் கிட்ட, உடுப்பு எப்போதும் மூடியிருக்கிற இடத்தைப் பாருங்கள். இரண்டும் ஒரே நாளில் பிறந்த தோல். வெளிப்பக்கம் கறுத்து, புள்ளி விழுந்து, நுள்ளிப் பிடித்தால் மெதுவாகத்தான் இறங்கும். உள்பக்கம் இன்னும் மெத்தென்று இருக்கும். இந்த வித்தியாசத்தில் பெரும்பங்கு வெயிலுடையது.

கிடுகு வேலி கட்டினவர்களுக்கு இது விளங்கும். தோலின் மேல்படைக்குக் கீழே கொலாஜன், எலாஸ்டின் என்று இரண்டு வகை நார் இருக்கின்றன. கொலாஜனை வரிச்சுத்தடி என்று வையுங்கள், எலாஸ்டினைக் கட்டுக்கயிறு என்று வையுங்கள். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரில் பி வகை மேல்தோலைச் சுடும்; ஏ வகை ஆழமாக இறங்கித் தடியையும் கயிற்றையும் உக்க வைக்கும். சுடவில்லையே என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அந்த வேலை நடக்கும்.

வயதுக்கும் பங்கு உண்டு. வளர்ந்தவர்களுக்கு வருடத்துக்கு ஏறக்குறைய 1% கொலாஜன் குறைந்துகொண்டு போகும். பெண்களுக்கு மாதவிடாய் நின்ற முதல் 5 வருடங்களில் 30% வரை போய்விடும். "அம்பது தாண்டினவுடன சடாரெண்டு சுருங்கிப் போச்சு" என்று அம்மாமார் சொல்வது கற்பனை இல்லை.

இனி இரண்டாவது சோதனை. இன்றிரவு தொடங்கி 10 நாளைக்கு, ஒரு கையில் மட்டும் வெள்ளை வசலின் மெல்லிதாகப் பூசுங்கள். மற்றக் கையைத் தொடாதீர்கள். 11ஆம் நாள் விடிய இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பூசின கையில் கொஞ்சச் சுருக்கம் காணாமல் போயிருக்கும். போனது வறட்சி. மிச்சம் நிற்பதுதான் நார் குறைந்ததால் வந்த உண்மையான மெலிவு. அந்த மிச்சத்துக்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். முழுதாக இளமைக்குத் திரும்பும் என்று நான் பொய் சொல்லமாட்டேன்.

படி 2: வீட்டில் இருக்கிற கிறீமைத் திருப்பிப் பாருங்கள்

இப்படிக் குறிப்பு எழுதுகிறவர்களில் இதை மூன்றாவதாக, நாலாவதாக வைக்கிறவர்கள்தான் கூட. எனக்கு இது புதிதாக ஒன்று வாங்குவதற்கு முன்னமே செய்கிற வேலை. ஏனென்றால் தோலை மெலிய வைக்கிற பூச்சு ஒன்றைப் பூசிக்கொண்டே, மெலிவுக்கு மருந்து கேட்டு வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு கிழமையில் வெள்ளையாகலாம் என்று விற்கிற கிறீம்கள் சிலவற்றில் ஸ்டெரொயிட் கலந்திருக்கும். ரியூப்பில் குளோபெற்றசோல், பீற்றாமெதசோன், மொமெற்றசோன் என்று ஏதாவது இருக்கிறதா என்று தேடுங்கள். எக்ஸிமா போன்றவற்றுக்கு டொக்டர் சொன்ன நாளுக்குப் பூசினால் அவை நல்ல மருந்து. முகத்துக்கும் கழுத்துக்கும் மாதக்கணக்கில் பூசினால் கொலாஜன் உற்பத்தியையே அமுக்கிவிடும்: தோல் மெலியும், சிவப்பு நரம்பு தெரியும், மயிர் முளைக்கும், வெயிலில் நின்றால் எரியும். இன்னொரு வகையில் பாதரசம் இருக்கும். மினமாட்டா உடன்படிக்கை என்ற பாதரசத்துக்கு எதிரான உலக ஒப்பந்தம், பாதரசம் சேர்த்த அழகுப் பூச்சைச் செய்யவோ நாட்டுக்கு நாடு அனுப்பவோ கூடாது என்கிறது, ஆனால் என்ன கலந்திருக்கிறது என்றே எழுதாத டப்பாவிடம் இதை யார் கேட்பது? உள்ளடக்கம் அச்சடிக்காத கிறீம் எதுவானாலும் வாங்காதீர்கள்.

என் சொந்த மச்சாளே கலியாண வீட்டுக்கென்று ஒரு கடையில் இப்படி ஒரு டப்பா வாங்கி, எட்டு மாதம் பூசினாள். நான் பாமசியில் நிற்கிறேன் என்பதெல்லாம் அவளுக்கு ஒரு பொருட்டே இல்லை.

ஒரு எச்சரிக்கை. மாதக்கணக்காகப் பூசிய ஸ்டெரொயிட்டைத் திடீரென நிறுத்தினால் முகம் எரிந்து வீங்கக்கூடும். டொக்டரிடம் காட்டிப் படிப்படியாகக் குறையுங்கள். இழுப்புக்கோ மூட்டு வாதத்துக்கோ பிறெட்னிசொலோன் குளிசை போடுகிறவர்களுக்கும் தோல் மெலியும். தோலுக்காக அந்தக் குளிசையை நீங்களாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்து.

படி 3: கிணற்றடியை மாற்றுங்கள்

எங்கள் குளிப்பு ஒரு சண்டை மாதிரி. உடம்பு முழுக்கச் சவர்க்காரம், தும்பால் உரஞ்சல், வாளி வாளியாகத் தண்ணி. உரஞ்சினால்தான் ஊத்தை போகும் என்று அம்மம்மா காலத்திலிருந்து நம்பிக்கை. 20 வயதுத் தோல் அதைத் தாங்கும், 60 வயதுத் தோல் தாங்காது.

கன கிணறுகளில் தண்ணி கடினம், சவர்க்காரம் இலேசில் நுரைக்காது. நுரைக்காத சவர்க்காரம் தண்ணியில் உள்ள கல்சியத்தோடு சேர்ந்து ஒரு படலமாகத் தோலில் ஒட்டிக்கொள்ளும், பிறகு வறண்டு கடிக்கும். ஆகவே சவர்க்காரம் அக்குள், அரை, பாதம், சேறு பட்ட இடம், இவ்வளவுக்கும் காணும். கைக்கும் காலுக்கும் வெறும் தண்ணி போதும். தும்பைச் சட்டி பானைக்கு விட்டுவிடுங்கள். துவாயால் தேய்க்காமல் ஒத்தி எடுங்கள்.

படி 4: ஈரம் காய முன்னம் பூசுங்கள்

குளித்து மூன்று நிமிடத்துக்குள், தோல் இன்னும் ஈரமாக இருக்கும்போது பூச வேண்டும். காய்ந்த பிறகு பூசினால் பூட்டி வைக்க உள்ளே தண்ணி இல்லை.

எதைப் பூசுவது? கைக்கும் காலுக்கும் தேங்காய் எண்ணெய் நல்லது, வறண்ட தோலை அது சீராக்கும் என்று ஆய்விலும் கண்டிருக்கிறார்கள். முகத்தில் பரு வருகிறவர்கள் முகத்துக்கு வேண்டாம். வெயிலுக்கு அது காப்பு என்று நம்பவும் வேண்டாம். தண்ணியைப் பூட்டி வைப்பதில் வசலினை மிஞ்ச ஒன்றும் இல்லை, விலையும் குறைவு. பிசுபிசுப்பு மட்டும் பொறுக்க வேண்டும். ஒலிவ் எண்ணெய் விலை கூடியது என்பதற்காக நல்லதென்று நினைக்காதீர்கள், அது தோலின் தடுப்பைப் பலவீனமாக்கும் என்று கண்டிருக்கிறார்கள்.

இரண்டு கிழமை கழித்தும் சொரசொரப்பு நின்றால் 10% யூரியாக் கிறீமோ 12% லக்ரிக் அமில லோஷனோ கேட்டு வாங்குங்கள். இவை தண்ணியை இழுத்துப் பிடிக்கும், செத்த தோலைக் கழற்றும். வெடிப்பில் பட்டால் கடிக்கும். 1996இல் வந்த ஓர் ஆய்வில், 25% பழ அமில (லக்ரிக் அமிலமும் இந்த இனம்தான்) லோஷனை ஏறக்குறைய ஆறு மாதம் ஒரு முன்கையில் மட்டும் பூசியபோது, அந்தக் கைத் தோல் சுமார் 25% தடித்திருந்தது. அந்தச் செறிவு டொக்டர் பார்வையில் பூசுவது. ஆனால் மெலிந்த தோல் தடிக்கவே தடிக்காது என்ற பேச்சு சரியில்லை என்று அதிலிருந்து தெரிகிறது. அமிலம் பூசுகிறவர்களுக்கு வெயில் கூடச் சுடும், அடுத்த படியை விட முடியாது.

அதற்காக எலுமிச்சம்பழத்தை வெட்டித் தேய்க்காதீர்கள். அந்தச் சாறோடு வெயிலில் இறங்கினால் கொப்புளம் போட்டு, எங்கள் நிறத் தோலில் மாதக்கணக்கில் கறுப்பு நிற்கும்.

படி 5: வெயிலுக்கு மறைப்பு

சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும் ஆவணி நடுவிலும் மத்தியானச் சூரியன் எங்கள் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். வருடத்தில் கன நாட்களுக்குப் புற ஊதாச் சுட்டெண் 11ஐத் தொடும், தாண்டவும் செய்யும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் அது மிகக் கடைசிப் படி. 3 வந்தாலே மறைப்பு வேண்டும். சுட்டெண் பார்க்கப் போன் தேவையில்லை. உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருந்தால் அது கெட்ட வெயில்.

முதல் மருந்து நீளக்கைச் சேட்டு. காலபோக அறுவடைக்கு இறங்குகிற பெண்கள் மனுசன்மாருடைய பழைய சேட்டைக் கவுனுக்கு மேலே போட்டுக்கொள்கிறார்களே, அது எந்தக் கிறீமையும்விட மேல். நெசவு நெருக்கமாகவும் நிறம் கடுமையாகவும் இருக்கட்டும். வெள்ளைப் பருத்தி ரீசேட்டு நினைக்கிற அளவு மறைக்காது, வியர்வையில் நனைந்தால் இன்னும் குறையும். ஜீன்ஸ் துணி கிட்டத்தட்ட முழுதாக மறைக்கும், ஆனால் கச்சான் பிடுங்க யார் ஜீன்ஸ் போடப் போகிறார்கள். தொப்பியின் விளிம்பு காதையும் பிடரியையும் மூடவேண்டும்.

முல்லைத்தீவுக் கரையில் வலை இழுக்கிறவர்களுக்கு வெயில் கீழேயிருந்தும் வரும். காய்ந்த கடல் மணல் 15% கதிரையும் நுரை 25% கதிரையும் திருப்பி அடிக்கும்.

ஏ9 வீதியில் பஸ், லொறி ஓட்டுகிறவர்களுக்கும் ஒரு சொல். பக்கக் கண்ணாடி பி கதிரைத் தடுக்கும், ஏ கதிரை விட்டுவிடும். 28 வருடம் லொறி ஓட்டிய 69 வயது அமெரிக்கர் ஒருவரின் முகம் 2012இல் ஒரு மருத்துவ இதழில் வந்தது: யன்னல் பக்கமிருந்த இடது கன்னம் மட்டும் தொங்கித் தடித்துச் சுருங்கி, வலது கன்னம் இளமையாக. எங்கள் வண்டிகளில் அது வலது பக்கம். கண்ணாடியை இறக்கிவிட்டுக் கையை வெளியே தொங்கப்போடுகிறவர்களுக்கு அந்தத் தடுப்பும் இல்லை.

துணி மூடாத இடத்துக்குச் சன் கிறீம். எஸ்பிஎஃப் என்ற காப்பு எண் 30க்குக் குறையாமலும் ஏ கதிருக்கும் சேர்த்துக் காப்புத் தருவதாகவும் பார்த்து வாங்குங்கள். அவுஸ்திரேலியாவில் 903 பேரை நாலரை வருடம் பார்த்த ஆய்வில், நாளாந்தம் பூசச் சொல்லப்பட்டவர்களுக்கு, விருப்பப்படி பூசியவர்களைவிட 24% குறைவாகத் தோல் முதுமை கண்டது. அளவுதான் எல்லோரும் பிழைவிடுகிற இடம். முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம் வேண்டும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா திரும்பப் பூசவும் வேண்டும். விலை கூட என்பது எனக்குத் தெரியும். முழுக் கைக்கும் பூசிக் காசை முடிக்காமல் கையைச் சேட்டுக்குள் விட்டு, முகம், கழுத்து, புறங்கைக்கு மட்டும் பூசுங்கள்.

படி 6: இரவுக்கு ஒரு பயறளவு

மேலே உள்ளவற்றை மூன்று மாதம் செய்தவர்கள்தான் இதற்கு வர வேண்டும். ரெட்டினோயிட் என்ற விற்றமின் ஏ வகை மருந்து கொலாஜனைத் திரும்பக் கட்ட வைக்கும். 1980களில் அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பேர்ட் கிளிக்மன், பருவுக்குக் கொடுத்த ட்ரெட்டினொயின் வெயில்பட்ட தோலைத் திருத்துகிறது என்று எழுதியதிலிருந்து இது பாவனையில் இருக்கிறது. டொக்டர் எழுதித் தந்தால் 0.025%இல் தொடங்குங்கள். காய்ந்த முகத்தில் ஒரு பயறளவு, கிழமைக்கு இரண்டு இரவு. முதலில் உரியும், கொஞ்சம் எரியும். தெரிகிற பலனுக்கு மூன்று தொடக்கம் ஆறு மாதம் செல்லும். பிள்ளைத்தாய்ச்சியும், பிள்ளைக்கு ஆயத்தப்படுகிறவர்களும் தொடவே கூடாது.

லேசர், ஊசி என்று கேட்கிறவர்களுக்கு: உண்டு, கொழும்பு வரை போகலாம், கறுப்புத் தோலில் பழகின தோல் மருத்துவர் இல்லாத இடத்தில் செய்யாதீர்கள்.

சாப்பாட்டில் மீன், முட்டை, பருப்பு குறையாமல் பாருங்கள். கொலாஜன் கட்ட விற்றமின் சி வேண்டும், நெல்லிக்காயும் கொய்யாவும் காணும். சுருட்டுப் பத்துவதை விடுங்கள். தண்ணி நிறையக் குடித்தால் சுருக்கம் போகும் என்பது ஆசைக் கதை.

வயது போனவர்கள் இருக்கிற வீடு

எழுபது தாண்டின தோலுக்கு அழகு முக்கியமில்லை, கிழியாமல் இருப்பதுதான் முக்கியம். கையைப் பிடித்துத் தூக்காமல் தோளுக்குக் கீழே தாங்கித் தூக்குங்கள். உங்கள் நகத்தை வெட்டுங்கள். பிளாஸ்ரரை இழுத்து உரிக்க வேண்டாம், எண்ணெய் விட்டு ஊற வைத்து எடுங்கள். கிழிந்துவிட்டால் சுத்தமான தண்ணியால் கழுவி, உரிந்த தோலை வெட்டாமல் அதன் இடத்திலேயே மெதுவாகப் பரப்பி, வசலின் பூசின துணியால் மூடி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். சீனி வருத்தம் உள்ளவர்களின் கீழ்க்கால் என்றால் ஒரு நாளும் பிந்தாதீர்கள்.

எந்த வயதானாலும், வெளிறிய இடத்தில் தொட்டால் உணர்வு இல்லையென்றால் அது குஷ்டமாக இருக்கலாம். குளிசையால் முழுதாக மாறும், வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரு மாதத்தில் ஆறாத புண், உருவம் மாறுகிற மச்சம், அடிபடாமலே பரவுகிற கண்டல், இவற்றையும் காட்ட வேண்டும். தோல் கிளினிக்குக்குப் போகும்போது இதுவரை பூசின எல்லா ரியூப்பையும், வெறுமையானது, பெயர் அழிந்தது எல்லாவற்றையும், ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். என் மச்சாள் இரண்டை ஒளித்து வைத்துவிட்டுத்தான் போனாள். டொக்டர் கேட்ட முதல் கேள்வியே அதைப் பற்றித்தான்.