துத்தநாகம் கடலில் இருந்ததா, கையுறையில் இருந்ததா?

தொடக்கக் கல்லூரித் திட்டவேலைக்காகக் கடல்நீரில் உலோகம் அளக்கப்போவதாக அக்கா மகள் வந்து நின்றபோது, "கடல் இருக்கட்டும், முதலில் பாட்டிலைக் கழுவு" என்றேன். புதிதாகத் தொடங்கும் எல்லோருக்கும் சொல்வது அதுதான்.

ஆசியான் நாடுகளின் கடல்நீர்த் தர வரையறைப்படி செம்பு லிட்டருக்கு 8 மைக்ரோகிராமைத் தாண்டக்கூடாது. 25 லட்சம் லிட்டர் பிடிக்கும் ஒலிம்பிக் நீச்சல் குளத்தில் 20 கிராம் செம்பு கரைந்தாலே அந்த அளவு வந்துவிடும். பாதரசத்துக்கு வரம்பு 0.16 மைக்ரோகிராம்தான். இவ்வளவு நுண்ணிய அளவு என்பதால் நகை உலோகம்கூட மாதிரியைக் கெடுத்துவிடும்; மோதிரம், வளையல் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள்.

முதல் படி, பாட்டில். பாலிஎத்திலீன் பாட்டிலைப் பத்து விழுக்காடு நைட்ரிக் அமிலத்தில் ஒரு வாரம் ஊறவிடுங்கள். ஆய்வக ஆசிரியர் உடனிருக்க வேண்டும். பிறகு அயனி நீக்கிய நீரில் பலமுறை அலசி, இரண்டு பிளாஸ்டிக் பைகளுக்குள் வையுங்கள். பாதரசத்துக்குத் தனிக் கண்ணாடிப் பாட்டில் வேண்டும்.

என் முதல் ஆய்வில் எல்லா இடங்களிலும் துத்தநாகம் ஏறக்குறைய ஒரே அளவில் வந்தது. பெரிய மாசைக் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தேன். கரையில் திறந்து மூடிய தூயநீர்ப் பாட்டிலிலும் அதே அளவு! கையுறையின் உட்புறப் பவுடரில் துத்தநாகம் இருந்திருக்கிறது. ஒரு வார உழைப்பு வீணானது. அந்தத் தூயநீர்ப் பாட்டில், அதாவது வெற்று மாதிரி, இல்லாமல் நான் கரைக்குப் போவதே இல்லை.

அடுத்து இடம். சிங்கப்பூரையும் ஜோகூரையும் இணைக்கும், 1924இல் கட்டி முடிக்கப்பட்ட கடற்பாலம் ஜோகூர் நீரிணையை இரண்டாகத் தடுத்து நிற்பதால், அங்கே நீர் எளிதில் மாறுவதில்லை. அதனால் அந்த நீரிணைக் கரையிலுள்ள செம்பாவாங்கில் ஓர் இடத்தையும், ஒப்பிட்டுப் பார்க்கத் தென்கிழக்குக் கரையான ஈஸ்ட் கோஸ்ட்டில் ஓர் இடத்தையும் எடுங்கள். படகின் அடிப்பகுதியில் பாசி ஒட்டாதிருக்கப் பூசும் வண்ணத்தில் செம்பு உண்டு. படகுத்துறையை ஒட்டி எடுத்தால் அதைக் குறித்துவையுங்கள். கடல் ஏற்றத்தின்போதும் வற்றத்தின்போதும் எடுப்பது அவசியம். பூங்காக் கரையென்றால் தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும்.

நீரோட்டத்தை எதிர்நோக்கி நில்லுங்கள். மூடியை நீருக்கு அடியில் திறந்து, மும்முறை அலசிய பிறகு நிரப்புங்கள். 0.45 மைக்ரோமீட்டர் வடிதாளில் வடிகட்டிய பின்னரே அமிலம் சேர்த்து, பிஎச் அளவை 2க்குக் கீழே கொண்டுவாருங்கள். வரிசை மாறினால் மண்துகளில் ஒட்டியிருந்த உலோகமும் கரைந்து கணக்கில் சேர்ந்துவிடும்.

அளப்பது ஐசிபி-எம்எஸ் கருவி; அணுக்களை அவற்றின் நிறையைக் கொண்டு அடையாளம் காண்பது. இதில் உப்புதான் தொல்லை: கருவியிலுள்ள ஆர்கான் வாயுவும் கடலின் சோடியமும் இணைந்தால் நிறை 40 கூட்டல் 23, அதாவது 63. செம்பின் நிறையும் 63! உப்பே செம்பாக வேடமிடும். எனவே உலோகத்தைப் பிடித்துவைத்து உப்பை வெளியே விடும் பிசின் குழாய் வழியாக உப்பை நீக்கினார்களா என்று ஆய்வகத்தில் கேளுங்கள். அளவு தெரிந்த சான்றளிக்கப்பட்ட கடல்நீரையும் உடன் அளக்கச் சொல்லுங்கள்.

முடிவு வந்ததும் முதலில் வெற்று மாதிரியின் எண்ணைப் பாருங்கள். கடல் மாதிரியின் எண் அதை நெருங்கி இருந்தால், அந்த உலோகத்தைப் பற்றி ஒரு வரிகூட எழுத வேண்டாம். மறுபடி கரைக்குப் போங்கள்.