மனைவி ஊர்ல, நீங்க அமெரிக்காவுல: டாக்ஸ் ரிட்டர்ன்ல எந்த ஸ்டேட்டஸ் போடறது?

கல்யாணம் முடிஞ்சு லீவும் முடிஞ்சு நீங்க மட்டும் ஃப்ளைட் ஏறி வந்துட்டீங்க, அவங்க விசா ஸ்டாம்பிங் டேட்டுக்காக ஊர்லயே காத்துட்டு இருக்காங்க, அதுக்குள்ள ரிட்டர்ன் போட கடைசி நாளான ஏப்ரல் 15 வந்து நிக்குது. என் கதையும் இதான். கூட வேலை பாக்கறவர் ஒருத்தர் "அவங்கதான் இங்க இல்லையே, சிங்கிள்னு போட்டுடு"ன்னார், நானும் போட இருந்தேன். தயவுசெஞ்சு அதை மட்டும் பண்ணாதீங்க. டிசம்பர் 31 அன்னைக்கு உங்களுக்கு கல்யாணம் ஆகியிருந்தா அந்த வருஷம் முழுக்க நீங்க கல்யாணம் ஆனவர்தான், டிசம்பர் 30 தாலி கட்டினாலும் சரி, அவங்க ஊரை விட்டு கிளம்பவே இல்லனாலும் சரி.

முதல்ல நீங்க யாருன்னு பாருங்க. சிட்டிசன், கிரீன் கார்டு, இல்ல எச்1பி வேலை விசால வருஷம் முழுக்க இங்கயே இருந்தவங்கன்னா டாக்ஸ் கணக்குல ரெசிடென்ட், கீழ சொல்றது உங்களுக்குத்தான். எஃப்1 ஸ்டூடண்டா இன்னும் 1040-என்ஆர் (ரெசிடென்ட் இல்லாதவங்களுக்கான ஃபார்ம்) போடறவங்களுக்கு ஜாயிண்ட், அதாவது ரெண்டு பேரும் சேந்து ஒரே ரிட்டர்ன், கிடையாது, அதோட விஷயம் முடிஞ்சுது.

ரெசிடென்டுக்கு ரெண்டு வழி இருக்கு. ஒண்ணும் பண்ணாம விட்டா செப்பரேட், அதாவது கல்யாணம் ஆனவர்னு காட்டி நீங்க மட்டும் தனியா போடறது, உங்க சம்பளம் மட்டும் கணக்கு, அவங்க வருமானத்தை அமெரிக்கா தொடாது. இல்லனா ரெண்டு பேரும் கையெழுத்து போட்டு "இவங்களையும் வருஷம் முழுக்க ரெசிடென்டா எடுத்துக்கங்க"ன்னு ஒரு ஸ்டேட்மென்ட் வெச்சு ஜாயிண்ட் போடலாம். மூணாவதா ஹெட் ஆஃப் ஹவுஸ்ஹோல்ட்னு ஒண்ணு சொல்வாங்க, அதுக்கு உங்க குழந்தை மாதிரி ஒருத்தர் பாதி வருஷத்துக்கு மேல உங்க கூடவே இருந்திருக்கணும், வீட்டுச் செலவுல பாதிக்கு மேல நீங்க போட்டிருக்கணும். மனைவியை அந்த ஆளா காட்ட முடியாது, ஊர்ல இருக்கற அம்மா அப்பாவுக்கு மாசாமாசம் பணம் அனுப்பினாலும் அவங்க இந்தியாவுல இருக்கற இந்தியர்கள்னா கணக்குல வரமாட்டாங்க.

இப்ப கணக்கு. 2025ல உங்க சம்பளம் 1,00,000 டாலர், அவங்களுக்கு வருமானமே இல்லன்னு வெச்சுக்கங்க. செப்பரேட்ல, வரி போடறதுக்கு முன்னாடி சம்பளத்துல கழிச்சு விடற ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன் 15,750, ஃபெடரல் டாக்ஸ் 13,449 வரும். ஜாயிண்ட்ல டிடக்‌ஷன் 31,500, 12% ஸ்லாபும் 96,950 வரைக்கும் நீளுது, அதனால டாக்ஸ் 7,743தான். 5,706 டாலர் வித்தியாசம்! அவங்க ஊர்ல வேலைக்குப் போகலன்னா ரொம்ப யோசிக்க வேணாம், ஜாயிண்டே போடுங்க.

அவங்க வேலைக்குப் போறாங்கன்னா உடனே ஜாயிண்ட்னு குதிக்காதீங்க. ரெசிடென்டா எடுத்துக்கிட்டா அவங்களோட உலகத்துல எங்க இருக்கற வருமானமும் உங்க ரிட்டர்ன்ல வந்துடும், சம்பளம், எஃப்டி வட்டி, வீட்டு வாடகை, இந்தியாவுல வரியே இல்லாத பிபிஎஃப் வட்டி கூட. மியூச்சுவல் ஃபண்ட் இருந்தா இன்னும் தொல்லை, அதுக்கு 8621னு தனி ஃபார்ம், வரி போடற முறையும் கடுமை. இந்தியாவுல கட்டின வரியை கிரெடிட்டா கழிச்சுக்கலாம்னு எல்லாரும் சொல்றாங்க, உண்மைதான், ஆனா 2025 ஏப்ரல்ல இருந்து புது ரெஜிம்ல 12 லட்சம் வரைக்கும் அங்க வரியே வராது, கட்டாத வரிக்கு இங்க எப்படி கிரெடிட் எடுப்பீங்க? சம்பளத்துக்கு மட்டும் வேற வழி இருக்கு. 12 மாசத்துல 330 முழு நாள் அமெரிக்காவுக்கு வெளிய இருந்தா ஃபார்ம் 2555 போட்டு 2025க்கு 1,30,000 டாலர் வரைக்கும் விலக்கு எடுக்கலாம். வட்டிக்கும் வாடகைக்கும் இது கிடையாது.

இன்னொண்ணு, அவங்க கம்பெனி குடுக்கற ஃபார்ம் 16ஐ (வருஷ சம்பளம், பிடிச்ச வரி காட்டற சர்டிஃபிகேட்) அப்படியே தூக்கிப் போடாதீங்க. அது ஏப்ரல் டு மார்ச், இங்க ஜனவரி டு டிசம்பர், அதனால பேஸ்லிப் பன்னெண்டையும் வாங்கி நீங்களே கூட்டணும். நாங்க வீடியோ கால்ல உக்காந்து ரெண்டு ராத்திரி இதைத்தான் பண்ணோம். அந்த மொத்தம் கையில வந்தப்புறம் ஜாயிண்ட், செப்பரேட் ரெண்டையும் போட்டுப் பாத்து முடிவு பண்ணுங்க.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா இந்த முடிவு ஒரு வருஷத்தோட நிக்காது. ஒரு தடவை ரெசிடென்டா எடுத்துக்கிட்டா அடுத்தடுத்த வருஷத்துக்கும் தானா தொடரும். வேணாம்னு கேன்சல் பண்ணலாம், ஆனா கேன்சல் பண்ணிட்டா ரெண்டு பேருமே இந்த சலுகையை திரும்ப எப்பவும் எடுக்க முடியாது.

பேப்பர் வேலை: அவங்களுக்கு எஸ்எஸ்என் (சோஷியல் செக்யூரிட்டி நம்பர்) இல்லனா ஐடிஐஎன்னு வரிக்கான நம்பர் வேணும், ஃபார்ம் டபிள்யூ-7ஐ ரிட்டர்னோட சேத்து பேப்பர்ல அனுப்பணும். பாஸ்போர்ட் ஒரிஜினல், இல்ல பாஸ்போர்ட் குடுத்த ஆஃபீஸே சர்டிஃபை பண்ண காப்பி கேப்பாங்க, நோட்டரி காப்பி செல்லாது. ஸ்டாம்பிங்குக்கு காத்துட்டு இருக்கறவங்க ஒரிஜினலை டெக்சாஸ்ல இருக்கற ஐஆர்எஸ் (அமெரிக்க வரித்துறை) ஆஃபீஸுக்கு தபால்ல விட்டுட்டு வாரக்கணக்குல தவிக்க வேணாம், ஐஆர்எஸ் அங்கீகரிச்ச சர்டிஃபையிங் அக்செப்டன்ஸ் ஏஜென்ட் கிட்ட போனா பாத்துட்டு கையிலயே திருப்பிக் குடுத்துடுவாங்க.

இதெல்லாம் ஏப்ரல் 15க்குள்ள ஆகலன்னா பதறாதீங்க. ரிட்டர்ன் போட கூடுதல் டைம் கேக்கற எக்ஸ்டென்ஷன் போடலாம், ஆனா கட்ட வேண்டிய பணத்தை மட்டும் அந்த தேதிக்குள்ள கட்டிடணும். இல்லனா இப்போதைக்கு செப்பரேட்டா போட்டுட்டு, மூணு வருஷத்துக்குள்ள 1040-எக்ஸ்ங்கற திருத்த ரிட்டர்ன் போட்டு ஜாயிண்டா மாத்திக்கலாம். முதல்லயே ஜாயிண்ட் போட்டு கெடு தேதியும் தாண்டிட்டா செப்பரேட்டுக்கு திரும்ப முடியாது, அதனால சந்தேகம் இருந்தா நான் செப்பரேட்லதான் ஆரம்பிக்கச் சொல்வேன்.