ஜிக் தூண்டிலுக்கு எந்த நூலால் கட்டுவது?

கொக்கியில் ஈயத் தலை வார்த்து, மீனைக் கவர முடி கட்டிய ஜிக் தூண்டிலில் அந்த முடி நழுவினால், நூலுக்கு வலுப் போதவில்லை என்று எண்ணி அடுத்த முறை இன்னும் தடித்த நூலை வாங்குகிறவர்கள் பலர். பெரும்பாலும் அது தவறான முடிவு. தடித்த நூல் நான்கைந்து சுற்றிலேயே ஈயக் கழுத்தில் மேடு கட்டிவிடும்; மெல்லிய நூலிலோ அதே இடத்தில் இருமடங்கு சுற்றுகள் போட முடியும், முடியைப் பிடித்து நிறுத்துபவை அந்தச் சுற்றுகளே.

நூலின் பருமனை டெனியர் கணக்கில் பார்த்து வாங்குங்கள். 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுவே அதன் டெனியர் என்பதால், எண் கூடக்கூட நூல் தடிக்கும். பருத்தி நூலின் கவுண்ட் இதற்கு நேர் எதிரானது. 40-ஐவிட 80 மெல்லியது என்று பழகிய தறிக்காரர்களும் நூற்பாலைக்காரர்களும் இதை மனத்தில் இருத்த வேண்டும். சில கண்டுகளில் 6/0, 8/0 என்றும் போட்டிருப்பார்கள். அந்த அளவு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

வட அமெரிக்காவில் வெண்வால் மானின் வால் முடியால் கட்டும் பக்டெயில் ஜிக்குக்கு, 10 முதல் 15 கிராம் வரையிலான தலை என்றால், மெழுகு பூசிய 210 டெனியர் தட்டை நைலான் நூலையே நான் முதலில் சொல்வேன். (இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால் இங்குள்ள மான்களின் முடியைத் தொடவே கூடாது, வெள்ளாட்டு முடி நன்றாகவே உழைக்கும்.) நைலான் இழுத்தால் சற்று நீளும்; இறுக்கிச் சுற்றியபின் பழைய நீளத்துக்குச் சுருங்கப் பார்ப்பதால் முடியை மேலும் கவ்விக்கொள்ளும். மராபு போன்ற மெல்லிறகைக் கட்டும் சிறு ஜிக்குகளுக்கு 140 போதும். ஒரு கிராம் தலைக்கு 70.

ஜிஎஸ்பி எனப்படும் பாலிஎதிலீன் நூல் அதே பருமனுள்ள நைலானைவிடப் பன்மடங்கு வலுவானது. ஆனால் அது வழுக்கும், நீளாது, அழுத்திச் சுற்றினால் முடியையே அறுத்துவிடக்கூடும். மெழுகு தேய்த்துப் பயன்படுத்தினால் பெரிய ஜிக்குகளுக்கு ஏற்றது. பழகும் கைக்கு வேண்டாம். சாதாரணத் தையல் நூல் முறுக்கேறி உருண்டிருப்பதால் கழுத்தில் படியாமல் மேடு கட்டும்.

தட்டை நூலும் சுற்றச் சுற்ற முறுக்கேறும். வலக்கைக்காரர்கள் பாபினை, அதாவது நூல்கண்டைப் பிடித்துக் குழாய் வழியே நூலை விடும் கருவியை, தொங்கவிட்டு, மேலிருந்து பார்க்கையில் இடஞ்சுழியாகச் சுழற்றினால் நூல் மீண்டும் நாடாபோல் விரியும். முதல் சுற்றுகளை அப்படி விரித்து இட்டு, முடியை வைத்தபின் இரண்டு சுற்றைத் தளர்வாகப் போட்டு, மூன்றாவதில் நேர்கீழாக இழுத்து இறுக்குங்கள்.

புதுக் கண்டு வாங்கியதும் ஒரு முழம் இழுத்து, அறுபடும் வரை இறுக்கிப் பாருங்கள். எந்த இழுப்பில் அறும் என்பது கைக்குத் தெரிந்துவிடும். அதற்கும் முன்பே அறுந்துகொண்டிருந்தால் பாபின் குழாயின் விளிம்பைச் சோதியுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு அங்கே இருந்ததை அறியாமல், நல்ல நூல்கண்டுகள் இரண்டை நான் தூக்கி எறிந்திருக்கிறேன். பீங்கான் குழாய் இருந்தால் அந்தத் தொல்லை குறைவு.

முடிச்சிட்டபின் நைலான் கட்டின்மேல் நீர்த்த வார்னிஷை இரண்டு முறை தடவினால் உள்ளே ஊறிப் பிடிக்கும். ஜிஎஸ்பி அப்படி உறிஞ்சாது; அதன்மேல் எபாக்ஸியைச் சுற்றிலும் போர்த்தினால்தான் மீனின் பல் நூலை நேரே தொடாது.