ரிலேட்டிவ் மைனரில் இடறும் இடங்கள்

ஒரு மேஜர் ஸ்கேலின் அதே சுரங்களால் ஆன மைனர் ஸ்கேல்தான் அதன் ரிலேட்டிவ் மைனர்; சி மேஜருக்கு அது ஏ மைனர். இரண்டிலும் வருபவை பியானோவின் அதே ஏழு வெள்ளைக் கட்டைகள்தான் என்று தெரிந்ததும், "அப்படியானால் இரண்டும் ஒன்றுதானே" என்று பலர் அங்கேயே கணக்கை முடித்துவிடுகிறார்கள். நானும் முடித்தவன்தான். சுரங்கள் பொது, ஆதார சுரம் வேறு. முன்னதில் பாட்டு எங்கே சுற்றினாலும் சி-யில் வந்து அமர்ந்தால்தான் காது அடங்கும். பின்னதில் அந்த இடம் ஏ. கர்நாடக இசையில் கிரக பேதம் (ஒரு ராகத்தின் வேறொரு சுரத்தை ஷட்ஜமாக, அதாவது ஆதாரமாக, வைத்து இன்னொரு ராகம் பெறுவது) அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. சங்கராபரணத்தின் ஆறாம் சுரமான தைவதத்தை ஷட்ஜமாக வைத்தால் நடபைரவி. இரண்டையும் ஒரே ராகம் என்று யார் சொல்வார்கள்?

அடுத்தது, இசைத்தாளின் தொடக்கத்தில் ஷார்ப் (சுரத்தை அடுத்த கட்டைக்கு உயர்த்தும் குறி), ஃபிளாட் (முந்தைய கட்டைக்கு இறக்கும் குறி) எதுவும் இல்லாததைப் பார்த்தவுடன் சி மேஜர் என்று அறிவித்துவிடுவது. தொடக்கத்தில் வரும் அந்தக் குறிகளின் தொகுப்பான கீ சிக்னேச்சர், ஒரு மேஜர், அதன் ரிலேட்டிவ் மைனர் என்று இரண்டு பெயர்களை மட்டுமே தரும். தீர்ப்பு பாட்டுக்குள் இருக்கிறது. முதல் சுரத்தை நம்பாதீர்கள். கடைசி பாஸ் (மிகத் தாழ்ந்த) சுரம் எங்கே இறங்குகிறது என்று பாருங்கள். நடுவே ஜி ஷார்ப் அடிக்கடி தலைகாட்டி உடனே ஏ-க்கு ஏறுகிறதா? அநேகமாக ஏ மைனர். மைனரில் ஏழாம் சுரத்தை அரைச்சுரம் (கருப்பையும் சேர்த்து ஒரு கட்டை) உயர்த்தி, ஈ மைனர் கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டை) ஈ மேஜராக்கும் பழக்கம் உண்டு. நடபைரவி கீரவாணியாகும் அதே மாற்றம்தான். ஆனால் அந்த ஷார்ப் கீ சிக்னேச்சரில் ஏறாது. சுரத்தின் பக்கத்திலேயே எழுதப்படும். அதைக் கண்டு வேறு கீ என்று நினைப்பவர்களும் உண்டு.

எண்ணுவதிலும் சறுக்குவார்கள். ரிலேட்டிவ் மைனரைக் கண்டுபிடிக்க மேஜரிலிருந்து மூன்று அரைச்சுரம் கீழே இறங்க வேண்டும். நிற்கும் கட்டையையே ஒன்று என்று எண்ணினால் சி-யிலிருந்து பி ஃபிளாட்டில் போய் நிற்பீர்கள். ஏ மேஜரிலிருந்து இறங்குங்கள்: ஜி ஷார்ப், ஜி, எஃப் ஷார்ப். ஆக, எஃப் ஷார்ப் மைனர். ஷார்ப்பை விழுங்கிவிட்டு எஃப் மைனர் என்பவர்கள் ஏராளம்; அதற்கு 4 ஃபிளாட்டுகள், ஏ மேஜருக்கோ 3 ஷார்ப்புகள். ஜி ஃபிளாட் என்றும் எழுதக்கூடாது, கட்டை ஒன்றேயானாலும். சந்தேகம் வந்தால் மேஜர் ஸ்கேலின் ஆறாவது சுரத்தைப் பாருங்கள், பெயர் சரியாகவே கிடைக்கும்.

சி மைனரை சி மேஜரின் ரிலேட்டிவ் என்பதும் அடிக்கடி கேட்கும் தவறு. அது பேரலல் மைனர்: ஆதாரம் பொது, சுரங்கள் வேறு. 3 ஃபிளாட்டுகளோடு ஈ ஃபிளாட் மேஜரின் ஜோடி.

ஏ மைனர், எஃப், சி, ஜி என்று நான்கு கார்டுகள் நிற்காமல் சுழலும் பாட்டுகளில் மட்டும் நான் அடம்பிடிப்பதில்லை. ஒருவர் காதுக்கு ஏ, இன்னொருவருக்கு சி.