படத்தில் இருக்கும் சிட்டு எது? நிறத்தைக் கடைசியில் பாருங்கள்

பெயர் தெரியாத சின்னப் பறவை ஒன்று கேமராவில் விழுந்ததும், கையேட்டைப் புரட்டி அதே நிறத்தில் உள்ள படத்தைத் தேடத் தோன்றும். தவறுகள் பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகின்றன. ஒளிக்கு ஏற்ப நிறம் மாறும். அலகும் வாலும் சிறகின் அமைப்பும் மாறுவதில்லை. அதனால் முதலில் வடிவம், பிறகு கோடுகளும் பட்டைகளும், நிறம் கடைசியில்.

மங்கலான படங்களை அவசரப்பட்டு அழிக்காதீர்கள். பறவை எழும்பும்போது எடுத்த கலங்கிய படத்தில்தான் வாலின் ஓர இறகுகள் வெள்ளையா என்பது தெரியும். பளிச்சென்ற ஒரே படத்தைவிட பக்கவாட்டு, அடிப்பக்கம், முதுகு என்று மூன்று சுமாரான படங்கள் மேல். தேதி, இடம், பறவை தரையில் இருந்ததா, புதரிலா, மர உச்சியிலா என்பதை உடனே குறித்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் வழியாகப் படமாகவே அனுப்பினால் கோப்பில் பதிந்திருந்த நேரமும் இடமும் போய்விடும், தரமும் குறையும். படத்தைக் 'கூர்மையாக்கும்' ஏஐ செயலிகள் பக்கம் போகவே வேண்டாம். இல்லாத இறகையும் கோட்டையும் அவை தாமாகவே வரைந்துவிடும்.

இனி அலகு. தடித்த கூம்பு என்றால் விதை தின்னும் சில்லை, குருவி வகைகள். ஊசிபோல் மெலிந்திருந்தால் இலைகளில் பூச்சி பொறுக்கும் கதிர்க்குருவிகள். அடியில் அகன்று தட்டையாக, ஓரத்தில் விறைத்த முடிகளோடு இருந்தால் ஈப்பிடிப்பான். கீழ்நோக்கி வளைந்தது தேன்சிட்டு, நுனியில் கொக்கி இருந்தால் கீச்சான். அலகின் நீளத்தை, அலகின் அடியிலிருந்து கண்வரை உள்ள தூரத்தோடு ஒப்பிடுங்கள். ஆனால் தலை நேர்ப் பக்கவாட்டில் இருக்கும் படத்தில் மட்டும். கேமரா பக்கம் சற்றே திரும்பினாலும் அலகு குட்டையாகத் தெரியும்.

வாலை அடிப்பக்கத்திலிருந்து பாருங்கள். பாடும் பறவைகளில் பெரும்பாலானவற்றுக்கு வாலிறகுகள் 12. பிரினியா வகைக் கதிர்க்குருவிகளில் பெரும்பாலானவற்றுக்கு 10 மட்டுமே, அவையும் ஓரத்திலிருந்து நடுவுக்குப் படிப்படியாக நீளும். படிகள் தெரிந்தாலே கையேட்டின் பாதிப் பக்கங்களை மூடிவிடலாம்.

பழுப்பும் பச்சையுமாக ஒன்றுபோலவே இருக்கும் சிறு பறவைகளில் அதிகம் கைகொடுப்பது மடக்கிய சிறகு. முதுகின் கீழ்ப்பகுதியில், உடலுக்கு மிக அருகே, ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று சிறு இறகுகள் சிறகை மூடியிருக்கும். அவற்றில் மிக நீளமானதன் நுனியைத் தாண்டி, சிறகின் முனை வால் பக்கமாக நீண்டிருக்கும். திரையில் அளவுகோலை வைத்து இரண்டையும் அளந்து பாருங்கள்: மேலே மூடும் இறகுகளில் கண்ணுக்குத் தெரியும் நீளம் ஒன்று, அதைத் தாண்டி நீளும் முனை மற்றொன்று. மில்லிமீட்டர் முக்கியமில்லை, விகிதம்தான் முக்கியம். உருவத்தில் இரட்டையர் போன்ற இலைக் கதிர்க்குருவிகளான சிஃப்சாஃப்பையும் வில்லோ வார்ப்ளரையும் பிரிக்க இதுவே நல்ல வழி: சிஃப்சாஃப்பில் முனையின் நீளம் மூடும் இறகுகளின் நீளத்தில் ஏறக்குறைய பாதி, வில்லோ வார்ப்ளரில் முக்கால் அல்லது அதற்கும் மேல். வெகுதூரம் வலசை போகும் பறவைக்கு நீண்ட சிறகு வேண்டும் என்பதே இதற்குக் காரணம். பறவை சிறகைத் தொங்கவிட்டிருந்தாலோ, இறகு உதிர்த்துப் புதிது வளர்ந்துகொண்டிருந்தாலோ இந்தக் கணக்கு பொய்த்துவிடும். குறைந்தது இரண்டு படங்களில் அளந்து பாருங்கள்.

பிறகு முகம். புருவக்கோடு அலகின் அடியிலிருந்தே தொடங்குகிறதா, கண்ணுக்குப் பின்னால் எவ்வளவு நீள்கிறது, கண்வளையம் முழுதா அறுபட்டதா, உச்சந்தலையில் கோடு உண்டா, சிறகில் பட்டை ஒன்றா இரண்டா என்று பார்க்கவும். கால்களையும் விடாதீர்கள். பழுப்பு ஈப்பிடிப்பானுக்குக் கால்கள் கருமை. அதைப் போலவே இருக்கும் பழுப்பு மார்பு ஈப்பிடிப்பானுக்கு வெளிறிய தோல்நிறம். எதிர் ஒளியில் எல்லாக் கால்களும் கறுப்புதான் என்பதை மறக்கக் கூடாது.

நிறம் பல விதமாக ஏமாற்றும். அடர்ந்த இலைகளுக்குக் கீழே சாம்பல் வயிறு பச்சையாகும், மாலை வெயிலில் பழுப்பு செம்பழுப்பாகும், ஒளி கூடிய படத்தில் மார்பின் மெல்லிய கோடுகள் காணாமல் போகும். ரா கோப்பு (கேமரா எதையும் திருத்தாமல் சேமிக்கும் மூலக் கோப்பு) இருந்தால், வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் வெண்சமநிலையை மாற்றிப் பார்க்கலாம். பூக்களில் தலையை நுழைக்கும் தேன்சிட்டுக்கும் வெள்ளைக்கண்ணிக்கும் மகரந்தம் ஒட்டி நெற்றி ஆரஞ்சாகிவிடுவதுண்டு. அதைப் பார்த்துப் புது இனம் என்று துள்ளியவர்கள் பலர். இறகு தேயும்போது வெளிர் ஓரங்களே முதலில் உதிர்வதால் சிறகுப் பட்டையும் மறைந்துபோகலாம். வாயோரம் மஞ்சளாகத் தடித்திருந்தால் அது குஞ்சு. வளர்ந்த பறவையின் படத்தோடு ஒப்பிட்டுப் பயனில்லை. இனப்பெருக்கக் காலம் முடிந்த ஆண் ஊதாத் தேன்சிட்டு, மஞ்சள் அடிப்பக்கத்தின் நடுவே கருங்கோடு மட்டும் ஓடும் வேறொரு பறவைபோலக் காட்சியளிக்கும்.

படத்தைப் பார்த்துப் பறவையின் பெயர் சொல்லும் மெர்லின், ஐநேச்சுரலிஸ்ட் செயலிகளைப் பயன்படுத்தலாம், ஆனால் இடத்தையும் தேதியையும் சரியாகக் கொடுத்த பிறகே. ஒரே பறவையின் மூன்று படங்களைத் தனித்தனியே கொடுங்கள். மூன்று விடை வந்தால் எதையும் நம்பாமல், மூன்றையும் போட்டியாளர் பட்டியலாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பகுதியில் அந்த மாதத்தில் எது சாதாரணமாகக் காணப்படுகிறது என்பதை, பறவை நோக்குவோர் தாங்கள் கண்டதைப் பதியும் தளமான இபேர்டில் பாருங்கள். அரிய பறவை என்று சொல்ல வேண்டுமானால், அது ஏன் அந்தச் சாதாரணப் பறவை அல்ல என்பதைப் படத்திலேயே காட்ட முடிய வேண்டும். முடியாவிட்டால் சாதாரணப் பறவையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

பிறரிடம் கேட்கும்போது வெட்டிய படத்தோடு வெட்டாத மூலப்படத்தையும் கொடுங்கள். கிளையும் இலையும் உருவ அளவைச் சொல்லும்.

இவ்வளவு செய்தும் விடை வராத பறவைகள் உண்டு, இலைக் கதிர்க்குருவிகளில் குறிப்பாக. இபேர்டில் இனம் குறிப்பிடாமல் குழுவின் பெயரிலேயே பதியலாம்; ஊகத்தை உறுதிபோல எழுதுவதைவிட அது மேல். இந்தக் குழுவில் படத்தைவிடக் குரலே தெளிவான சான்று. அடுத்த முறை பறவை கூவும்போது கைபேசியில் அரை நிமிடம் வீடியோவை ஓடவிடுங்கள், பறவை படச்சட்டத்துக்குள் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.