அடுத்த 3 சீரிஸ் எப்படி இருக்கும்? கணிப்புகள் சறுக்கும் இடங்கள்

பிஎம்டபிள்யூவின் 3 சீரிஸ் செடான் கார் புதுத் தோற்றத்துக்குத் தயாராகிறது என்ற பேச்சு எழுந்தாலே கற்பனைப் படங்கள் வரிசைகட்டி வந்துவிடும். பத்தில் எட்டுப் படங்கள் கிரில்லையும் ஹெட்லைட்டையும் வரைவதிலேயே முழு உழைப்பையும் செலவழித்திருக்கும். தோற்றம் தெரியாமலிருக்க ஒட்டுப் படங்களால் மூடிச் சோதனை ஓட்டத்தில் விடும் வண்டியில் மிக எளிதாக மறைக்கக்கூடிய பாகங்கள் அவை இரண்டும்தான். வீல்பேஸ் (முன், பின் சக்கர மையங்களுக்கு நடுவே உள்ள தூரம்), கூரைக் கோடு, முன் கண்ணாடியின் சாய்வு, முன் சக்கரத்துக்கும் முன் கதவுக்கும் நடுவே உள்ள இடைவெளி ஆகியவற்றை எந்த ஒட்டுப் படத்தாலும் மறைக்க முடியாது. கணிப்பு அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதலில் எதைக் கணிக்கிறோம் என்பதிலேயே குழப்பம் நேர்கிறது. 3 சீரிஸின் தலைமுறைகள் 1975, 1982, 1990, 1998, 2005, 2011, 2018 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்தன. அதாவது ஆறு முதல் எட்டு ஆண்டுகளுக்கு ஒரு தலைமுறை. நடுவில் ஒரு ஃபேஸ்லிஃப்ட் வரும். 2018இல் வந்த தலைமுறைக்கு (நிறுவனத்தின் உள் குறியீடு ஜி20) அது 2022இல் வந்தது. ஃபேஸ்லிஃப்ட்டில் பம்பர், விளக்கு, கிரில், உள்ளே திரை ஆகியவை மாறும். கதவு, கூரை, பின்பக்கப் பக்கவாட்டுத் தகடு ஆகியவை பெரும்பாலும் அப்படியே இருக்கும். அவற்றை மாற்றினால் தகட்டை அழுத்தும் பெரிய அச்சுகளைப் புதிதாகச் செய்ய வேண்டும். மோதல் சோதனைகளையும் மறுபடி நடத்த வேண்டியிருக்கும். அந்தச் செலவை நான்கு ஆண்டுகளில் இரண்டு முறை எந்த நிறுவனமும் ஏற்காது. எனவே கறுப்பு வெள்ளைச் சுழி ஒட்டு முன்னும் பின்னும் மட்டும் இருந்து கதவுகள் வெறுமையாக இருந்தால் அது ஃபேஸ்லிஃப்ட். கதவு, கூரைத்தூண், டிக்கி என எல்லாம் மூடியிருந்தால் மட்டுமே புதிய தலைமுறையைப் பற்றிப் பேசலாம்.

அடுத்தது, பார்த்ததை அப்படியே நம்புவது. சுழி வடிவங்கள் கண்ணை மட்டுமல்ல, கேமராவின் ஃபோகஸையும் குழப்புவதற்காகவே வரையப்பட்டவை. அவற்றுக்கு அடியில் நுரைக்கட்டிகளும் பிளாஸ்டிக் பலகைகளும் இருக்கும். பானெட் திடீரென்று உயரமாகத் தெரிந்தாலோ பின் கண்ணாடி ஓரம் தடித்திருந்தாலோ, அங்கே திருகுத் தலைகள் தெரிகின்றனவா, ஓரங்களில் மறைப்புத் துணி புடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஹெட்லைட்டும் அப்படித்தான். தொடக்கக் கட்ட வண்டிகளில் தற்காலிக வட்ட விளக்குகளைப் பொருத்தியிருப்பார்கள். அதைப் பார்த்து 'பழைய வட்ட விளக்குப் பாணி திரும்புகிறது' என்று எழுதுவோர் ஒவ்வொரு முறையும் உண்டு. பக்கச் சன்னல் கண்ணாடி முடியும் இடத்தில் முன்னோக்கி மடங்கும் ஹோஃப்மைஸ்டர் வளைவு 1961இலிருந்து இந்த நிறுவனத்தின் அடையாளம். ஆகவே அதைத்தான் ஒட்டுப் பட்டையால் முதலில் மூடுவார்கள். அது காணவில்லை என்றால் கைவிட்டுவிட்டார்கள் என்று பொருளல்ல.

அளவெடுக்கும்போதுதான் பெரிய பிழை நேர்கிறது. படத்தில் தெரியும் 18 அங்குல வீலை 457 மி.மீ. என்று வைத்து மற்றதைக் கணக்கிடுகிறார்கள். அந்த 18 அங்குலம் டயர் உட்காரும் இருக்கையின் விட்டம். கண்ணுக்குத் தெரியும் விளிம்பு ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 17 மி.மீ. வெளியே நீளும், மொத்தம் சுமார் 492 மி.மீ. இந்த ஒரு பிழையாலேயே ஜி20இன் 2,851 மி.மீ. வீல்பேஸ் 2,650க்குக் கீழே போய்விடும்.

அதைவிட நல்லது டயரின் முழு விட்டத்தை அளவுகோலாக எடுப்பது. 225/45 ஆர்18 டயர் என்றால் அகலம் 225 மி.மீ., பக்கச் சுவரின் உயரம் அதில் 45 சதவீதம், அதாவது 101. இருபுறமும் சேர்த்து 202. அதோடு 457ஐக் கூட்டினால் சுமார் 660 மி.மீ. வண்டியின் எடையில் டயர் அடியில் நசுங்கியிருக்கும் என்பதால் விட்டத்தைக் கிடைமட்டமாகவே அளக்க வேண்டும். படமும் தொலைவிலிருந்து, டெலி லென்ஸில், நேர் பக்கவாட்டில் எடுத்ததாக இருக்க வேண்டும். அருகிலிருந்து ஃபோனில் எடுத்த படத்தில் பக்கத்திலிருக்கும் சக்கரம் பெருத்துக் காட்டும். இவ்வளவு செய்தும் அளவில் ஒரு சதவீதம் பிசகினால் விடையில் 28 மி.மீ. பிசகும். எனவே 'வீல்பேஸ் 20 மி.மீ. கூடியிருக்கிறது' என்று படத்தை வைத்துச் சொல்வதற்கு மதிப்பில்லை. 60, 70 மி.மீ. வேறுபாடு தெரிந்தால் சொல்லலாம்.

எந்த வண்டியோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். இந்தியாவில் 2021 முதல் விற்பனைக்கு வந்த கிரான் லிமோசின், செங்கல்பட்டு அருகே உள்ள பிஎம்டபிள்யூ ஆலையில் பொருத்தப்படும் நீள வீல்பேஸ் வகை. அதன் வீல்பேஸ் 2,961 மி.மீ.; ஐரோப்பிய வண்டியைவிட 110 கூடுதல். நம் சாலையில் பார்க்கும் வண்டியை அளவாக வைத்து ஜெர்மனியில் எடுத்த சோதனைப் படத்தைப் பார்த்தால், புதிய வண்டி குட்டையாகிவிட்டதாகத் தோன்றும். ஐரோப்பிய வண்டியை அளவாக வைத்து, நீள வகை ஓடும் சீனாவில் எடுத்த படத்தைப் பார்த்தால் நேர் எதிராகக் குழம்புவோம். பின் கதவின் நீளத்தைப் பார்த்தால் எந்த வகை என்று பிடிபடும்.

கண்காட்சியில் மாதிரியாக வைக்கும் கான்செப்ட் வண்டியை அப்படியே நம்புவதும் தவறு, அடியோடு ஒதுக்குவதும் தவறு. பின்னால் வருவதைக் காட்டும் பக்கக் கண்ணாடிக்குப் பதில் கேமரா, கைப்பிடி இல்லாத கதவு, மாபெரும் சக்கரம் போன்றவை உற்பத்திக்கு வரும்போது உதிர்ந்துவிடும். அமெரிக்க விதிகள் அந்தப் பக்கக் கண்ணாடி இல்லாத வண்டியை இன்னும் ஏற்பதில்லை. ஆனால் 2019இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் கான்செப்ட் 4 உயர்ந்த செங்குத்துக் கிரில்லோடு வந்தபோது, உற்பத்தியில் அதைக் குறைத்துவிடுவார்கள் என்று பலரும் அடித்துச் சொன்னார்கள். 2020இல் வந்த 4 சீரிஸில் அந்தக் கிரில் அப்படியே இருந்தது. அதே முகம் 3 சீரிஸின் அதிவேக வகையான எம்3க்கும் போனது. சாதாரண 3 சீரிஸுக்கு வரவில்லை. ஆகவே எம்3இன் முகத்தைப் பார்த்து 3 சீரிஸைக் கணிக்கக் கூடாது.

நிறுவனத்தின் புதிய மின்சார வண்டிகளான நோயா கிளாஸே வரிசையிலும் இதே பிழை தொடர்கிறது. 2025இல் வந்த ஐஎக்ஸ்3 எஸ்யூவியின் ஒடுங்கிய செங்குத்துக் கிரில்லை செடானின் மூக்கில் ஒட்டிப் படம் போடுகிறார்கள். 2023இல் ம்யூனிக்கில் காட்டிய செடான் கான்செப்டிலோ கிரில்லும் விளக்கும் ஒரே அகலப் பட்டையாகக் கிடைமட்டமாக இருந்தன. செடானுக்கான குறிப்பை அதில்தான் தேட வேண்டும்.

மின்சார ஐ3 செடானும் பெட்ரோல் 3 சீரிஸும் தோற்றத்தில் நெருங்கியவை, அடித்தளத்தில் வேறானவை. ஒன்றின் விகிதங்களை மற்றொன்றுக்குப் பொருத்தினால் படம் முழுக்கத் தவறாகிவிடும். பின் பம்பருக்கு அடியில் புகைக்குழாய் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். கதவில் 'மின்சாரச் சோதனை வாகனம்' என்ற எழுத்து ஒட்டியிருந்தால் அது ஐ3. 'ஹைப்ரிட்' என்றிருந்தால் எஞ்சின் உள்ள வண்டி. பெட்ரோல் செடானின் விகிதங்களை அந்தப் படத்திலிருந்து எடுக்கலாம்.