பிரிண்ட் எடுத்த கோட்டுப்படத்தில் வாழ்த்து மடல்: முதலில் மையைப் பாருங்கள்

கையால் வாழ்த்து மடல் செய்ய ஆசை இருக்கிற எல்லோருக்கும் வரைய வராது. வரவும் தேவையில்லை. கறுப்புக் கோட்டில் வரைந்த படம் ஒன்றை இணையத்தில் இருந்து இறக்கி, தடிப்பான தாளில் பிரிண்ட் போட்டு, நிறம் தீட்டி, வெட்டி, மடலில் ஒட்டினால் போதும். 'டிஜி ஸ்டாம்ப்' என்று இதைச் சொல்வார்கள். ரப்பர் முத்திரை என்றால் வாங்கிய அளவு வாங்கியதுதான். இதில் ஒரே படத்தைப் பெருவிரல் அளவுக்கும் எடுக்கலாம், முகப்பு முழுக்கவும் எடுக்கலாம், இடம்வலம் திருப்பி இரண்டு மயிலை முகத்துக்கு முகம் நிறுத்தலாம், எத்தனை மடல் வேண்டுமோ அத்தனை தரம் பிரிண்ட் போடலாம்.

ஆனால் இதைப் பற்றிய செய்முறைகளில் பெரும்பாலானவை வீட்டிலேயே பிரிண்டரும் விதவிதமான தாளும் வைத்திருப்பவர்களுக்காக எழுதியவை. மட்டக்களப்பிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் நம்மில் பலர் செய்கிற விதம் வேறு. படத்தைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு, பிரிண்டும் போட்டோக்கொப்பியும் எடுத்துத் தருகிற பக்கத்துக் கொமினிகேஷன் கடைக்குப் போவோம், அங்கே இருக்கிற மெஷினில், இருக்கிற தாளில் எடுத்துக்கொண்டு வருவோம். அப்புறம் வீட்டில் தூரிகையை நனைத்து வைத்ததும் கறுப்புக் கோடு கரைந்து படமெல்லாம் சாம்பலாகிவிடும். படத்திலும் பிழையில்லை, வர்ணத்திலும் பிழையில்லை, மை எது என்று பார்க்காததுதான் பிழை. அதனால் யாருக்குச் சொல்லிக் கொடுத்தாலும் நான் மையில் இருந்துதான் தொடங்குவேன்.

லேசர் பிரிண்டரும் போட்டோக்கொப்பி மெஷினும் டோனர் என்கிற தூளைச் சூட்டில் உருக்கித் தாளில் பிடிக்க வைக்கின்றன. இங்க்ஜெட் பிரிண்டர் திரவ மையைத் துளித்துளியாகத் தெளிக்கிறது. எது என்று கடைக்காரரிடம் கேட்டாலே சொல்வார். பிரிண்ட் கையில் வந்த பிறகுதான் யோசனை வந்ததென்றால் தாளை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்: டோனர் கோடு இலேசாக மினுங்கும், நகத்தால் தடவினால் தாளுக்கு மேலே நிற்பது விளங்கும், இங்க்ஜெட் கோடு தாளுக்குள் ஊறி மங்கலாக இருக்கும். இன்னும் சந்தேகமென்றால் வெட்டி எறியப் போகிற ஓரத்தில் ஒரு கோட்டின் மேல் ஈர விரலை வைத்து இழுத்துப் பாருங்கள், அதுவே சொல்லிவிடும்.

டோனர் தண்ணீருக்கு அசையாது. ஆகவே வாட்டர்கலர் தீட்ட ஆசையென்றால் லேசர் பிரிண்ட், இல்லாவிட்டால் போட்டோக்கொப்பி. இங்க்ஜெட்டில் பெரும்பாலும் சாய மைதான் இருக்கும், அது தண்ணீர் பட்டதும் ஓடும், பிக்மென்ட் மை, அதாவது கரையாத நிறத்தூள் கலந்த மை, போட்ட பிரிண்டர் என்றால் ஓரளவு தாங்கும். எது என்று தெரியாத இங்க்ஜெட் பிரிண்டைக் கலர் பென்சிலால் தீட்டுங்கள், ஒரு குறையும் வராது. அல்கஹோல் மார்க்கர் வைத்திருப்பவர்களுக்குக் கதை கொஞ்சம் வேறு. கொப்பிக் என்கிற ஜப்பானிய மார்க்கர் 1987இல் வந்ததே, போட்டோக்கொப்பி எடுத்த படத்தின் மேல் டோனரைக் கரைக்காமல் நிறம் தீட்டுவதற்காகத்தான். மலிவு விலையில் வருகிற எல்லா மார்க்கரும் அப்படியே நடக்கும் என்று நம்பிவிடாதீர்கள், சிலது டோனரையும் இழுத்துக்கொண்டு போகும். இங்க்ஜெட் பிரிண்டை ஓர் இரவு நன்றாகக் காயவிட்டுத் தீட்டினால் அல்கஹோல் மார்க்கர் பெரும்பாலும் கோட்டைக் கலைக்காது. எதுவானாலும் முதலில் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துப் பாருங்கள்.

சரி, தாள். போட்டோக்கொப்பித் தாள் 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீற்றர் தாளின் எடை, கிராமில்), நிறம் தீட்டினால் நெளியும், மார்க்கர் பின்பக்கம் ஊறும். மடலுக்கு 160இல் இருந்து 250 ஜிஎஸ்எம் வரை உள்ள வெள்ளைத் தாள் வேண்டும். புத்தகக்கடையில் பிரிஸ்டல் போர்ட் கேளுங்கள், பெரிய தாளாகத் தருவார்கள், அதை ஏ4 அளவுக்கு, அதாவது 210க்கு 297 மில்லிமீற்றருக்கு, மூலை மட்டமாக வெட்டிக்கொண்டு போய்த்தான் கடையில் கொடுக்க வேண்டும். மூலை கோணினால் மெஷினுக்குள் சிக்கும், கடைக்காரர் அடுத்த முறை உங்கள் தாளைத் தொடமாட்டார். மெஷினில் தாள் வளையாமல் நேராகப் போகிற வழி இருக்கும், அதில் போடச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம்: இங்க்ஜெட்டுக்கென்று விற்கிற பளபளப்பான போட்டோ பேப்பரை லேசர் மெஷினில் போட்டால் அதன் பூச்சு சூட்டில் உருகி உள்ளே ஒட்டிக்கொள்ளும், மெஷினே பழுதாகிவிடும்.

கிறிஸ்மஸ் மடலும் பொங்கல் மடலும் செய்கிற நேரத்தில்தான் நமக்கு மாரி மழை. தாள் ஈரத்தை இழுத்துச் சுருளும், மை காயச் சுணங்கும், பசை இழுபடும். வாங்கிய தாளைப் பொலித்தீன் பையில் போட்டு இறுக்கிக் கட்டி, படுக்கையாக வையுங்கள், அலுமாரியில் சாத்தி நிறுத்த வேண்டாம்.

கோப்பு விஷயத்தில் நம்மூரில் அதிகம் நடக்கிற கோளாறு வாட்ஸ்அப். வடிவான படத்தைக் கடைக்காரரின் நம்பருக்குச் சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கித்தான் அனுப்பும், பிரிண்டில் கோடு பொங்கிக் கரடுமுரடாக வரும். 'டொக்கியூமென்ட்' என்று தெரிவு செய்து அனுப்புங்கள், கோப்பு அப்படியே போய்ச் சேரும். படம் 300 டிபிஐயில், அதாவது ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில், இருந்தால் நல்லது. அந்தக் கணக்கில் ஏ4 முழுக்க நிறைய 2480க்கு 3508 பிக்சல் வேண்டும், உள்ளங்கை அளவு படத்துக்கு ஆயிரம் பிக்சல் சொச்சமே போதும். பிஎன்ஜி கோப்பு கிடைத்தால் அதை எடுங்கள், பின்னணி வெறுமையாக இருக்கும், ஒரு படத்தின் மேல் இன்னொன்றை வைக்கலாம். ஜேபெக் என்றால் வெள்ளைப் பெட்டியோடு வரும்.

வேர்ட்டில் வைத்து அளவு மாற்றும்போது படத்தின் மூலையைப் பிடித்து இழுங்கள், பக்கத்தைப் பிடித்து இழுத்தால் யானை ஒட்டகமாகும். ஏ4ஐக் குறுக்காக வைத்து நடுவில் மடித்தால் வலது பாதிதான் மடலின் முகப்பு, ஆகவே படம் அங்கே வர வேண்டும். தமிழில் 'இனிய திருமண நல்வாழ்த்துகள்' என்று பாமினி எழுத்துருவில் அடித்துக்கொண்டு போனால் கடைக் கணினியில் அந்த எழுத்துரு இல்லாதபோது எல்லாம் ஆங்கில எழுத்துக் குப்பையாக நிற்கும். வீட்டிலேயே பிடிஎப் ஆக்கிக் கொண்டுபோங்கள், எழுத்துரு அதற்குள்ளேயே இருக்கும். பாலூ தம்பி, முக்தா மலர் போன்ற யுனிகோட் எழுத்துருக்கள் இலவசம், மடலுக்கு எடுப்பாகவும் இருக்கும். பிரிண்ட் கொடுக்கும்போது 'நூறு வீதத்தில் எடுங்கள், பக்கத்துக்குப் பொருத்த வேண்டாம்' என்று வாய்திறந்து சொல்லுங்கள். இல்லாவிட்டால் மெஷின் தன் பாட்டில் சுருக்கிவிடும், நீங்கள் வெட்டி வைத்த சட்டத்துக்குள் படம் பொருந்தாது.

நிறம் தீட்டுவதை ஒரு படத்தில் காட்டுகிறேன். வாவியில் நிற்கிற தோணி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் இடப்பக்கம் மேலிருந்து வருகிறது என்று முதலில் முடிவு செய்து, தாளின் ஓரத்தில் பென்சிலால் சின்ன அம்புக்குறி போடுங்கள். தோணியின் வலப்பக்கத்தையும் அடியையும் கடும் மண்ணிறப் பென்சிலால் மெதுவாகத் தீட்டுங்கள், அழுத்த வேண்டாம். அதன் மேலேயே நடுத்தர மண்ணிறம், அது கடும் நிறத்தின் மேலும் ஏறி வெளிச்சப் பக்கமும் கொஞ்சம் போக வேண்டும். கடைசியில் வெளிர்மஞ்சள் எல்லாவற்றின் மேலும். வெளிச்சம் நேரே விழுகிற விளிம்பில் தாளின் வெள்ளையை அப்படியே விட்டுவிடுங்கள். காது துடைக்கிற பஞ்சுக் குச்சியில் பேபி ஒயில் ஒரு பொட்டு தொட்டு, திசுவில் ஒற்றிவிட்டு, வெளிர் பக்கத்தில் இருந்து கடும் பக்கத்துக்கு வட்டவட்டமாகத் தேய்த்தால் பென்சில் கீறல் மறைந்து வர்ணம் பூசியதைப் போல வரும். எண்ணெய் கூடினால் தாள் பின்னுக்கு ஊறிக் கறை வைக்கும், மெல்லிய தாளில் இதைச் செய்யவே வேண்டாம். தண்ணீர்ப் பகுதியை முழுக்க நீலமாக நிரப்ப வேண்டாம். தோணிக்கு அடியில் கடும் பச்சைநீலத்தில் நாலைந்து கிடைக்கோடு, அது போகப் போக மெலிய வேண்டும், மிச்சம் வெள்ளை. நமது வாவி அநேகமான நாளில் அந்த நிறம்தான், வானநீலம் தீட்டினால் வேறு எங்கோ உள்ள குளம்போல இருக்கும்.

கோடு கடும் கறுப்பாக இருப்பது பிடிக்காதவர்கள் பிரிண்ட் எடுக்கும் முன் படத்தின் வெளிச்சத்தைக் கூட்டி, கோட்டை வெளிர்சாம்பல் ஆக்கிக்கொள்ளலாம். பூக்களுக்கு அது மிக வடிவு.

வெட்டும்போது கோட்டுக்கு வெளியே இரண்டு மில்லிமீற்றர் வெள்ளை விட்டு வெட்டுங்கள். கத்தரிக்கோலை அசைக்காமல் தாளைத் திருப்பினால் வளைவு சீராக வரும். ஒரே படத்தை மூன்று பிரிண்ட் எடுத்து, ஒன்றை முழுதாகவும், இரண்டாவதில் தோணியை மட்டும், மூன்றாவதில் தோணியில் இருக்கிற ஆளை மட்டும் வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக உயர்த்தி ஒட்டினால் படம் எழும்பி நிற்கும். இதற்கென்று பஞ்சு டேப் தேட வேண்டாம், மின்சாரச் சாமான் வந்த பெட்டிக்குள் இருக்கிற ரெஜிபோமை மெல்லிய துண்டுகளாகச் சீவி வையுங்கள். மூக்கைத் துளைக்கிற மணமுள்ள கரைப்பான் பசைகள் ரெஜிபோமை அரித்துக் குழியாக்கும், பைண்டர் கம்தான் பாவிக்க வேண்டும்.

மடிப்புக்கு, மை முடிந்த பேனையையும் அடிமட்டத்தையும் எடுத்து நடுவில் ஒரு கோடு அழுத்தி இழுங்கள், பிறகு அழுத்திய பக்கம் வெளியே வரும்படி மடியுங்கள், மடிப்பு வெடிக்காது. அதற்கு முன் தாளை இரண்டு பக்கமாகவும் இலேசாக வளைத்துப் பாருங்கள். இலேசாக வளைகிற பக்கத்தோடு மடித்தால் மடல் நேராக நிற்கும், மாறி மடித்தால் கூரையைப் போல விரிந்துகொண்டே இருக்கும்.

ஓரத்துக்கு வாங்கிய ரிப்பனை விட மருதமுனைக் கைத்தறித் துணியின் வெட்டுத்துண்டு எனக்கு மிகப் பிடித்தது. சாரத்தின் கரையில் இருந்து ஒரு விரல் அகலத்தில் வெட்டி, நூலைக் கொஞ்சம் உருவிவிட்டு, படத்துக்குக் கீழே ஒட்டுங்கள். பாய் இழைக்கிற பன் கிடைத்தால் அதன் இரண்டு கீற்றும் அப்படியே பொருந்தும்.

படங்கள் எங்கே எடுப்பது? இலவசம் என்று போட்டிருந்தாலும் நிபந்தனையை வாசியுங்கள். சிலர் சொந்தப் பாவனைக்கு மட்டும் தருவார்கள், சிலர் செய்த மடலை விற்கலாம், கோப்பை மட்டும் யாருக்கும் கொடுக்கக் கூடாது என்பார்கள். கோப்பைத் தோழிக்கு அனுப்புவது அன்பான காரியமாகத் தெரியும், ஆனால் வரைந்தவருக்கு அந்தக் காசுதான் சாப்பாடு. இலங்கையின் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி வரைந்தவர் இறந்து 70 ஆண்டு வரை உரிமை இருக்கிறது. அந்தக் கவலையே வேண்டாமென்றால் நியூயோர்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகம் 2017இல் மூன்றே முக்கால் இலட்சம் படங்களையும், அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகங்கள் 2020இல் 28 இலட்சம் படங்களையும் யாரும் எதற்கும் பாவிக்கலாம் என்று திறந்துவிட்டிருக்கின்றன. பழைய தாவரப் படங்களுக்குப் பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரி என்ற இணைய நூலகத்தைத் தேடிப் பாருங்கள், நாமறிந்த பூவும் காயும் அங்கே வரும்.

ஆனாலும் அங்கெல்லாம் பனிமனிதனும் செர்ரிப்பழமும்தான் நிறைய. நிறைகுடமோ, பாலமீன்மடு வெளிச்சவீடோ, கல்லடிப் பாலமோ, எருமைத்தயிர் முட்டியோ தேடினால் கிடைப்பது அரிது. ஆகவே வரையத் தெரிந்த ஒருவரைப் பிடியுங்கள், வீட்டில் ஒரு பிள்ளை இருந்தாலும் போதும். வெள்ளைத் தாளில் கறுப்பு ஜெல் பேனையால் வரைந்து, விறாந்தையில் நிழல் விழாத வெளிச்சத்தில் கைத்தொலைபேசியால் படம் பிடியுங்கள். ஐபிஸ் பெயின்ட் செயலியில் அந்தப் படத்தைத் திறக்கும்போதே கோட்டை மட்டும் பிரித்தெடுக்கவா என்று கேட்கும், ஓம் என்றால் தாளின் மங்கல் எல்லாம் போய்க் கறுப்புக் கோடு மட்டும் நிற்கும், பின்னணி இல்லாத பிஎன்ஜியாகச் சேமிக்கலாம். கணினி உள்ளவர்கள் இன்க்ஸ்கேப் என்ற மென்பொருளில் 'டிரேஸ் பிட்மேப்' கொடுத்தால் எவ்வளவு பெருப்பித்தாலும் கோடு உடையாது, அதுவும் இலவசம். இப்படி ஒரு நிறைகுடம் இருந்தால் சாமத்திய வீட்டுக்கும் கல்யாணத்துக்கும் குடிபுகலுக்கும் அதுவே போதும். காத்தான்குடிக்கோ சம்மாந்துறைக்கோ அனுப்புகிற பெருநாள் மடல் என்றால் ஆள் உருவம் வேண்டாம், பிறையும் விளக்கும் பூக்கோலமும் வரைந்து வையுங்கள், அவர்களும் விருப்பமாக வைத்திருப்பார்கள்.

தபாலில் போடுவதானால் ஏ4ஐப் பாதியாக வெட்டி மடித்த சிறிய மடல் நல்லது, சி6 கடித உறைக்குள் சரியாகப் போகும். ரெஜிபோம் உயர்த்தல் ஓர் அடுக்குக்கு மேல் வேண்டாம், தபால் முத்திரை குத்தும்போது நசியும். ஒட்டி முடித்த மடலை ஒரு நாள் பாரத்தின் கீழ் வைத்த பிறகே உறைக்குள் போடுங்கள், பின்பக்கம் கீழ் மூலையில் படம் வரைந்தவரின் பெயரையும் பென்சிலால் சின்னதாக எழுதிவிடுங்கள்.